மணல் தட்டு நிலைத்தது, மைதா மாவு நிலைக்கவில்லை

மூன்றரை வயதில் மகள் பென்சிலை உலக்கைபோல் முஷ்டியால்தான் பிடிப்பாள். காரைக்குடியில் எங்கள் தெருவில் அந்த வயதுக்கே இரட்டைக்கோடு நோட்டு நிரப்பும் பிள்ளைகள் உண்டு, எனக்குப் பதற்றம். "விரல் பழகாம எழுத்து எங்கிட்டு ஆத்தா வரும்?" என்றார் அப்பத்தா. அதிலிருந்து மூன்று வருஷம் வீட்டிலேயே செய்து பார்த்த கதை இது.

முதலில் விரலால் எழுதிப் பழகத் தாம்பாளத்தில் ரவை. பாதி அவள் வாய்க்கு, மீதி எறும்புக்கு. பிறகு கழுவிக் காயவைத்துச் சலித்த ஆற்று மணல். தட்டின் அடியில் கறுப்புச் சார்ட் ஒட்டியதும் கோடு பளிச்சென்று தெரிந்தது. 'அ'வில் தொடங்கியது என் தப்பு. சுழியும் வளைவும் ஒரே எழுத்தில். ட, ப என்று மாறிய பிறகே கை ஓடியது.

விரலால் தடவிப் பழக உப்புத்தாளில் எழுத்து வெட்டினேன். 80 நம்பர் விரலைப் பிறாண்டியது, 150 சரி. தாளின் முதுகில் வரைந்து வெட்டித் திருப்பினால் 'ட' இடவலம் மாறிக் கிடக்கிறது! 'ப' மட்டும் தப்பியது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டியவை இன்றும் பிரியவில்லை.

மைதாவும் உப்பும் பிசைந்த மாவு ஐப்பசி மழையில் நீர்விட்டுக் கொழகொழத்தது. இனிச் செய்யமாட்டேன்.

நான் கணக்கிலேயே வைக்காதது பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. அள்ளியதை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டே, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நுனிக்குத் தள்ளிப் போடவேண்டும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கிக் காவல் இருக்க, மற்ற மூன்றும் வேலை செய்கின்றன. பென்சிலுக்கு வேண்டியதும் இதேதான். ஆரம்பத்தில் அள்ளியதெல்லாம் கொட்டி, பட்டாலைத் திண்ணை முழுக்கப் பொறுக்குவோம். பொறுக்குவதும் பயிற்சிதான் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். நாலைந்து மாசத்தில் முஷ்டிப்பிடி விட்டது. கூடவே ஓர் அங்குலச் சாக்பீஸ் துண்டும் கொடுத்தேன். அதை முஷ்டியால் பிடிக்க இடமே இல்லையே.

கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடையவைக்கும் ஆசை பலிக்கவில்லை. பனையோலை பிஞ்சு விரலுக்கு விறைப்பு, ஓரமும் கீறும். ஐந்து வயதில் காலண்டர் தாளைப் பட்டைபட்டையாக நறுக்கிக் கொடுத்தேன். மேலும் கீழுமாகக் கோத்து அவளே ஒரு குட்டிப் பாய் முடைந்துவிட்டாள்.

இப்போது சின்னவனுக்கு இரண்டரை. மணல் தட்டை இறக்கியாயிற்று. புளியங்கொட்டை டப்பா பரண்மேலேயே இருக்கட்டும், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது.