நிலைக்காந்தக் குவாட்ருபோல்கள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

லேசரால் பிளாஸ்மாவில் அலையெழுப்பி எலக்ட்ரான்களை முடுக்கும் லேசர் பிளாஸ்மா முடுக்கிக்கு, கற்றையைக் குவிக்கும் நான்முனைக் காந்தங்களான நிலைக்காந்தக் குவாட்ருபோல்கள் வாங்கலாமா என்று வேறோர் ஆய்வகத்து நண்பர் கேட்டிருந்தார். வலுவிழந்த காந்தம் ஒன்றை மாற்றி, கற்றைத் தடத்தை மறுபடி நேர்ப்படுத்தி முடித்த கையோடு எழுதுவதால் சொற்களில் சற்றுச் சூடு இருக்கலாம்.

பிளாஸ்மாவிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான் கற்றை மைக்ரோமீட்டர் அளவில் தோன்றி, ஒரு மில்லிரேடியன் அளவில் விரிந்து, சில விழுக்காடு ஆற்றல் பரவலையும் சுமந்து வருவதால், அதைச் சும்மா ஓடவிடும் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் அதன் எமிட்டன்ஸ் (கற்றையின் அகலமும் விரிவும் சேர்ந்த தர அளவு) கெடுகிறது. எனவே முதல் காந்தம் மூலத்துக்கு மிக அருகிலும் மிக வலுவாகவும் இருந்தாக வேண்டும். சிறு துளையைச் சுற்றி நியோடிமியம் காந்தத் துண்டுகளை, புலம் உள்ளே குவியும்படி திசைமாற்றி வைக்கும் ஹால்பாக் முறையில் அடுக்கிய இக்காந்தங்கள், மின்சாரமோ குளிர்நீரோ கேட்காமல், வெற்றிடக் கலத்துக்குள்ளேயே மீட்டருக்கு 500 டெஸ்லா புலச் சரிவை (மையத்திலிருந்து விலக விலகப் புலம் வலுக்கும் வீதம்) தருகின்றன. வழக்கமான மின்காந்தம் இதன் அருகில்கூட வராது.

எரிச்சல் ஒன்றுதான், ஆனால் ஓயாதது: அந்தச் சரிவை மாற்றவே முடியாது. ஒரு குவாட்ருபோல் ஒரு திசையில் குவித்து மறு திசையில் விரிப்பதால் இரண்டை இணைத்தே பயன்படுத்துகிறோம். இந்த இரட்டைக் குவாட்ருபோலின் குவியத் தொலைவு ஏறத்தாழ உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கற்றையின் ஆற்றல் 2 விழுக்காடு நகர்ந்தால் குவியம் 4 விழுக்காடு நகர்கிறது. சரிசெய்ய ஒரே வழி, காந்தங்களை மோட்டார் தளத்தில் முன்பின்னாகத் தள்ளுவது. தளமோ முற்றிலும் நேராக ஓடுவதில்லை. 15 மில்லிமீட்டர் நீளமுள்ள காந்தம் பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் விலகினாலே 300 மெகா எலக்ட்ரான் வோல்ட் கற்றை சுமார் 0.75 மில்லிரேடியன் திரும்பிவிடும். கற்றையின் விரிகோணத்துக்கே ஏறத்தாழ நிகரான பிழை இது. ஆக, குவியத்தைத் தொட்டால் திசையும் போகும். போதாக்குறைக்கு, வழிதவறிய எலக்ட்ரான்களாலும் வெப்பத்தாலும் ஒரு துண்டு வலுவிழந்தால் காந்த மையமே இடம்பெயர்கிறது.

எதிர்பாராத மகிழ்ச்சியையும் மறைக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட ஆற்றல் மட்டுமே கூர்மையாகக் குவிவதால், இந்த நிறப்பிறழ்ச்சியே (ஆற்றலுக்கு ஏற்பக் குவியம் மாறும் குறை) வடிகட்டியாகிவிடுகிறது. ஜெர்மனியின் கார்கிங்கில் 2009இல் லேசர் முடுக்கிய கற்றையிலிருந்து அண்டுலேட்டர் எனும், எலக்ட்ரான்களை நெளியவைத்து ஒளிரச் செய்யும் காந்த வரிசையால் மென் எக்ஸ் கதிர் பெற்ற சோதனை இப்பண்பைப் பயன்படுத்தியே நிறமாலையைக் குறுக்கியது. எங்கள் நிறமாலைமானியிலும் அந்தக் கூர்மையைப் பார்க்கும்போது கோபம் பாதியாகிவிடும்.

மாற்று என்றால் பிளாஸ்மா வில்லை: வாயு நிரம்பிய நுண்குழாயில் மின்னோட்டம் பாய்ச்சி, அதன் காந்தப்புலத்தால் கற்றையைக் குவிப்பது. மின்னோட்டத்தால் வலுவை மாற்றலாம். கிடைத்திசை, செங்குத்துத்திசை இரண்டிலும் ஒருசேரக் குவிக்கும். 2015இல் அமெரிக்காவின் பெர்க்லியில் அதன் புலச் சரிவு மீட்டருக்கு 3000 டெஸ்லாவுக்கு மேல் எட்டியது. ஹீலியம் நிரப்பினால் புலம் மையத்திலிருந்து சீராக வளராமல் போகும் சிக்கலை ஆர்கான் வாயு தீர்த்தது. ஆனால் மின்னூட்டம் மிகுந்த கற்றை அந்தப் பிளாஸ்மாவினுள் தானே அலையெழுப்பித் தன்னைக் கெடுத்துக்கொள்ளும்.

நண்பருக்கு என் விடை: ஆற்றல் நிலைப்படாத முடுக்கி என்றால் வாங்காதீர்கள். நான் உபரியாக இன்னொரு தொகுதிக்குச் சொல்லிவைத்திருப்பதை இதற்கு எதிரான சான்றாகக் கொள்ள வேண்டாம்.