டைனமோவை மாற்றச் சொன்னால் முதலில் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள்

பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள். மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட 14,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கோளாறு கடைசியில் ஒரு வயர் முனையில் இருந்தது.

என்னுடையது 1997 மாடல் மகிந்திரா கமாண்டர், ஃபோர் வீல் டிரைவ். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வரும் வண்டி. 17 கொண்டை ஊசி வளைவு, விடிகாலை இருட்டு, சீசனில் விடாத மழை. ஜூன் மாதம் இரண்டு வாரத்துக்குள் மூன்று ஹெட்லைட் பல்பு போனது. பேட்டரிக்கு வாரம் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆம்ப் மீட்டர் முள் நாள் முழுக்க பிளஸ் பக்கமே நின்றது. சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பேட்டரி நிறைந்ததும் அந்த முள் நடுவுக்குத் திரும்ப வேண்டும் என்பது அப்போது தெரியாது.

ஒரு நாள் மழையில் மெட்டு ஏறி நிறுத்தியதும் அழுகிய முட்டை நாற்றம். பானட்டைத் தூக்கினால் பேட்டரி உலை மாதிரி கொதிக்கிறது. மூடியைச் சுற்றி ஆசிட் கசிந்து, கீழே இருந்த தகட்டில் பெயிண்ட் உரிந்து கிடந்தது. கொதிக்கும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "செல் போயிருச்சுண்ணே, புதுசு போட்டுருங்க" என்றார். 6,200 ரூபாய். அடுத்த மழையில் அதே நாற்றம். மறுபடி போனேன். என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார். தயவுசெய்து யாரையும் இப்படிச் செய்ய விடாதீர்கள். உண்மையான டைனமோ இருந்த காலத்துப் பழக்கம் அது. இன்று நாம் டைனமோ என்று சொல்வது ஆல்டர்நேட்டரைத்தான். அதில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் ஒரேயடியாக எகிறி டயோடும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போகலாம். அப்புறம், "டைனமோவே அவுட்டு, முழுசா மாத்திரலாம்" என்று 7,500 வாங்கினார். பழையதைத் தரவில்லை. இரண்டு தடவையும் வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை.

செப்டம்பரில் புது பேட்டரியும் செத்தது. வாரண்டி கேட்டால், உங்கள் வண்டியில் ஓவர் சார்ஜ், அதனால் கிடையாது என்றார்கள்.

பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வேறு பேட்டரி ஒன்றைப் போட்டு, என்ஜின் நிற்கும்போது அதன் மேல் மீட்டரை வைத்தார். 12.7 வோல்ட். சரி. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். 15.6. "14.4 தாண்டக் கூடாது தம்பி." வைப்பரைப் போட்டார். இறங்குவதற்குப் பதில் 16.1. அங்கேயே தலையாட்டினார்.

இந்த ஜீப்பில் ரெகுலேட்டர் டைனமோவுக்குள் இல்லை, பானட்டுக்குள் தனிப் பெட்டியாக இருக்கிறது. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலேயே விட்டு, சிவப்பு முனையை ரெகுலேட்டருக்கு வரும் சாவி வயரில் வைத்தார். 14.2. பேட்டரியில் 16.1, இங்கே 14.2. நடுவில் இரண்டு வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. ரெகுலேட்டர் பேட்டரியை நேராகப் பார்ப்பதில்லை, சாவி வழியாக வரும் வயரைத்தான் பார்க்கிறது. அங்கே குறைவாகத் தெரிந்தால் டைனமோவை இன்னும் விரட்டும். வைப்பரும் அதே லைனில் கரண்ட் இழுப்பதால் மழையில் கோளாறு கூடியது.

பேட்டரி பிளஸிலிருந்து ஒரு துண்டு வயரை நேராக ரெகுலேட்டருக்குக் கொடுத்தார். அந்த நொடியே பேட்டரியில் 14.2. ரெகுலேட்டர், டைனமோ இரண்டிலும் குறை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஃபியூஸ் பாக்ஸில் அந்தச் சாவி வயரின் திம்பிள், அதாவது முனையில் மாட்டும் உலோகத் துண்டு, பச்சை பிடித்து, பிளாஸ்டிக் உறை உருகி இருந்தது. வெட்டிவிட்டுப் புது திம்பிள் போட்டார். என்ஜின் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவிலும் அளந்து எர்த் சரியா என்று பார்த்தார். மொத்தம் 300 ரூபாய்.

உங்கள் வண்டியில் பேட்டரி, சாவி வயர் இரண்டு இடத்திலும் 16 காட்டினால் ரெகுலேட்டர் போயிருக்கலாம், அல்லது ரெகுலேட்டரிலிருந்து டைனமோவுக்குப் போகும் ஃபீல்டு வயர் எங்காவது உரசியிருக்கலாம். ரெகுலேட்டர் என்றால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். உள்ளேயே ரெகுலேட்டர் இருக்கும் மாடலிலும் பெரும்பாலும் அதைத் தனியாக வாங்கிப் போடலாம். நடுவழியில் கொதித்தால் என்ஜினை அணைத்து, ரெகுலேட்டர் சாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். பழைய டீசலில் பம்ப் மெக்கானிக்கல், ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் பகலில் சார்ஜ் இல்லாமலே வீடு வந்து சேரலாம். அதே காரணத்தால்தான் ஓவர் சார்ஜ் ஆனாலும் இந்த என்ஜின் எந்தக் குறையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் அண்ணன் காட்டினார். புதுசு என்று எனக்கு விற்ற டைனமோவின் போல்ட் தலைகள் மேலேயே வெள்ளிப் பெயிண்ட் அடித்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் கீழே துரு. புல்லி காடி தேய்ந்து பளபளக்கிறது. கடையில் போய்க் கேட்டதற்கு, பழையது ஸ்கிராப்பில் போய்விட்டது, இது புதுசுதான் என்கிறார்கள். பில் தரவில்லை. ஜிபே செய்த விவரம் மட்டும் போனில் இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.