கச்சான் காலத்தில் இறங்கும் ஊசி: லைகமிங் ஓ-320 பயன்பாட்டு அனுபவம்

செஸ்னா 172எம் என்ற சின்ன விமானத்தில் வருகிற இஞ்சின் லைகமிங் ஓ-320 இ2டி, 150 குதிரை வலு. இந்த இஞ்சினில் குறை பிடிக்கிறதே கஷ்டம். குறை முழுக்க பனலில் இருக்கிற அந்தச் சின்ன ஒயில் பிறஷர் கேஜில்தான். ஒயில் பிறஷரை அளவோடு வைக்கிற றிலீஃப் வால்வைக் கழற்றிப் பூட்டிய கையோடு, "ஊசி பச்சைக்குக் கீழே நிக்குது, இஞ்சினைப் பிரிக்கணுமா?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேஜில் சரியான அளவைக் காட்டுகிற பச்சைப் பட்டை 60 முதல் 90 பிஎஸ்ஐ (பிறஷர் அலகு). ஐட்லில், அதாவது இஞ்சின் மெதுவாகச் சும்மா ஓடும்போது, 25 இருந்தால் போதும். திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்தில் தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், இறங்கி வந்து சூட்டோடு ரக்ஸி பண்ணும்போது (தரையில் ஓட்டும்போது) ஊசி 30க்குப் பக்கத்தில் தொங்கும். ஒயில் இளகினால் அப்படித்தான், அது பழுதில்லை. குறூஸில் (உயரத்தில் சீராகப் பறக்கும்போது) 60க்குக் கீழே நின்றால் மட்டும் தேட வேண்டும்.

முதலில் ஒயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக். 8 குவார்ட் கொள்ளும் சம்பை, அதாவது இஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியை, 8 வரை நிரப்பினால் பிறஷர் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடாது, மிச்சம் இஞ்சின் காற்றை வெளியே விடுகிற பிறீதர் குழாயால் விமானத்தின் வயிற்றுப் பக்கம் வழியும், அவ்வளவுதான். சின்னப் பறப்புக்கு 7 போதும், 6க்குக் கீழே மட்டும் பறக்கக் கூடாது.

அடுத்தது ஒயில் வெப்பநிலை. பிறஷர் இறங்க, வெப்பம் ஏறினால் சங்கதி உண்மை. வெப்பம் அசையாமல் பிறஷர் மட்டும் விழுந்தால் கேஜிலோ அதன் குழாயிலோ சந்தேகம் வைக்கலாம். ஆனால் சந்தேகத்தைத் தரையில் வைத்துத் தீர்க்க வேண்டும். ஆகாயத்தில் இருக்கும்போது ஊசியை நம்பி இறங்குவதுதான் ஒரே வழி. ஸ்ரார்ட் பண்ணி 30 செக்கனில் ஊசி எழும்பாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

தரையில், கேஜ் குழாய் இஞ்சினில் சேருகிற இடத்தில் நம்பகமான ஒரு கேஜை நேரே பூட்டிப் பாருங்கள். அந்தப் பொருத்தியில் ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். குழாய் உடைந்தால் ஒயில் முழுக்கக் கொட்டாமல் இருக்கத்தான் அது. அதில் கசடு அடைத்தால் ஊசி மந்தமாக எழும்பும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கிராங்க்கேஸை (இஞ்சினின் உடற்கூட்டை) பிரிக்க நிற்பவர்களை என்ன சொல்ல!

அந்த கேஜும் குறைவாகக் காட்டினால் றிலீஃப் வால்வுக்குப் போங்கள். கிராங்க்கேஸின் வலப்பக்க மேலே, 3ஆம் சிலிண்டருக்கு முன்னால் இருக்கிறது. பூட்டுக் கம்பியை வெட்டி, மூடியைக் கழற்றினால் ஸ்பிறிங்கும் குண்டும் கையில் வரும். குண்டு இருக்கிற இருக்கையில் ஒரு கரித் துணுக்கு சிக்கினாலே ஒயில் சம்புக்குத் திரும்பி ஓடிவிடும். துடைத்துப் பூட்டினால் முடிந்தது. இவ்வளவு சுலபமாகக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தவனைக் கும்பிடலாம். திருகு வகை வால்வென்றால் வலஞ்சுழியாகத் திருகப் பிறஷர் ஏறும். மற்ற வகையில் ஸ்பிறிங்குக்கும் மூடிக்கும் இடையில் வாஷர் போட வேண்டும். தேய்ந்த பெயரிங்கை மறைக்க இதைத் திருகுவது களவு.

சம்பின் உறிஞ்சு வலையையும் கழற்றுங்கள், பில்ரரையும் வெட்டி மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் மினுங்குகிற செதில் நிறைய வந்தால் பெயரிங்கையும் நினைக்க வேண்டும், அப்போதுதான் பிரிக்கிற பேச்சு.

வெப்பம்தான் காரணமென்றால் ஒயில் கூலர் இதழ்களில் அடைந்த தூசி, சிலிண்டரைச் சுற்றிக் காற்றைத் திருப்பிவிடுகிற பஃபிள் ரப்பரின் மடிப்பு, பிறகு வேர்னாதேர்ம் என்ற வெப்ப வால்வு, இவற்றைப் பாருங்கள். 85 பாகை செல்சியஸ் அளவில் அது மூடி ஒயிலைக் கூலருக்குள் தள்ள வேண்டும். இருக்கை தேய்ந்திருந்தால் ஒயில் குறுக்கு வழியால் போய்விடும்.

ஒயில் ரின்னில் 100 என்று இருப்பது எஸ்ஏஇ (ஒயிலின் தடிப்பு எண்) 50. 120 என்றால் 60. வெளிக் காற்று 27 பாகைக்கு மேல் என்றால் 60ஐயும் லைகமிங் அனுமதிக்கிறது, திருகோணமலைக்கு அது பொருந்தும். தோணி இஞ்சினுக்கு வாங்கிய டீசல் ஒயில் மட்டும் வேண்டாம். அதிலுள்ள உலோகச் சேர்மானம் எரிந்து சாம்பலாகப் படிந்து, நேரத்துக்கு முன்னரே பற்ற வைக்கும்.

இஞ்சினுக்குப் பத்துக்கு ஒன்பது. ஆனாலும் அந்த கேஜோடு இன்னொரு 172எம்மைச் சும்மா தந்தாலும் வேண்டாம்.