மூன்று வருடம், ஆறு டோர்னமென்ட்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போட்டி நடத்திய அனுபவம்

2022 ஏப்ரலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டின் டெஃபினிட்டிவ் எடிஷனில், நாம் எடுத்து ஆடக்கூடிய நாகரிகங்களில் ஒன்றாகத் திராவிடர்கள் வந்தார்கள். வில்லேஜரை க்ளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறார். அந்தக் குஷியில் 16 பேரைச் சேர்த்து டோர்னமென்ட் அறிவித்துவிட்டோம். (அரேபியா என்ற திறந்தவெளி மேப்பில் திராவிடர்களை எடுத்தவர்கள் முதல் சுற்றிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

மூன்று வார இறுதியில் முடியும் என்று நினைத்தது இரண்டரை மாதம் இழுத்தது. காரணம் டபுள் எலிமினேஷன். இரண்டு தோல்விக்கு அப்புறம்தான் வெளியே என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 16 பேருக்கு அது ஒன்றன்பின் ஒன்றாக எட்டுப் படி. ஒரு மேட்ச் தள்ளிப்போனால் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டும். இப்போது சுவிஸ் முறைதான்: ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு வெற்றி பெற்றவர்கள் மோதுவார்கள். மேட்ச் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான், 32. ஆனால் நான்கே சுற்று, கடைசியில் தோற்காதவர் ஒருவர்தான் மிஞ்சுவார். யாரும் பாதியில் வீட்டுக்குப் போவதும் இல்லை.

ஆரம்ப ஜோடிகளைப் போட அன்றைய ரேட்டிங்கைப் பார்க்காதீர்கள். ரேட்டிங்கைக் குறைத்துக்கொள்ளப் பதிவுக்கு முந்தைய வாரம் திடீரென்று வரிசையாகத் தோற்கிறவர்கள் உண்டு. இதுவரை தொட்ட உச்ச ரேட்டிங்கைத்தான் நாங்கள் எடுக்கிறோம். சிவ் (நாகரிகம்), மேப் தேர்வுக்கு கேப்டன்ஸ் மோட் தளம். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். இருவரும் மறைவாகத் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் திறக்கலாம். லிங்க் கையில் இருக்கும், அப்புறம் தகராறு வராது. இத்தனை டோர்னமென்டில் எனக்கு ஒருமுறைகூடத் தலைவலி தராதது இது ஒன்றுதான்.

நேரத்துக்கு எங்கள் விதி இது: சுற்றுக்கு ஒரு வாரம். இருவரும் பேசி எப்போது வேண்டுமானாலும் ஆடலாம். பேசி முடியவில்லையா, ஞாயிறு இரவு எட்டு மணி, இந்திய நேரம். 15 நிமிடத்தில் லாபிக்கு (ஆட்டம் தொடங்குமுன் கூடும் ஆன்லைன் அறை) வராவிட்டால் முதல் கேம் போச்சு, 30 நிமிடத்தில் மேட்சே போச்சு.

இதில் நான் வாங்கிய அடி ஒரு நவம்பர் முதல் ஞாயிறில். டொராண்டோ தம்பி வழக்கம்போல் காலை பத்தரைக்கு வந்தான். அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்திருந்தார்கள்; நம் எட்டு மணி அவனுக்கு ஒன்பதரை ஆகியிருந்தது. எதிராளி சிங்கப்பூர்க்காரர் அங்கே இரவு பத்தரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார், மறுநாள் ஆபீஸ். வாக்ஓவர் கொடுத்தேன். "அண்ணே, கடிகாரம் மாறினதுக்கு நான் என்ன பண்றது?" என்றான். பதில் இல்லை. எதிராளி காத்திருந்ததால் முடிவு சரி, முன்னாடியே சொல்லாதது என் தப்பு. அதன்பிறகு டிஸ்கார்டில் நேரக் குறியீடாகவே போடுகிறேன். அவரவர் ஊர் நேரமாகத் தெரியும்.

இன்னும் தீராதது கரண்ட் கட். ஆட்டம் அறுந்தால் பதிவான ஃபைலிலிருந்து அதே இடத்தில் ரீஸ்டோர் செய்யலாம், நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் நடுவில் கிடைக்கும் நேரம். பதிவு இருவர் கணினியிலும் இருக்கிறது, திறந்தால் முழு மேப்பும் தெரியும். எதிராளி காவலரண் எங்கே, தங்கம் எங்கே தோண்டுகிறார், எல்லாம். பார்த்தாரா இல்லையா என்று யார் சொல்வது? இருபது நிமிடத்துக்குள் திரும்பினால் ரீஸ்டோர், தாண்டினால் புது ஆட்டம் என்று வைத்திருக்கிறோம். ஜெயித்துக்கொண்டிருந்தவருக்கு இது அநியாயம்தான், தெரிந்தே வைத்தோம். போன சீசனில் இப்படிக் கையில் இருந்த வெற்றியைப் பறிகொடுத்தவர் மதுரைக்காரர். கரண்ட் போனதும் அவர் வீட்டில்தான் என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. இந்த சீசனுக்கு இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார். வரும் ஞாயிறு அவருக்கு மூன்றாவது சுற்று.