சிபியு மேல் நேரடிக் குளிரா, நீர்த்தொட்டி வழியா? வீட்டில் கட்டும் கம்ப்ரெசர் கூலிங் பற்றி ஓர் அலசல்

கணினிக்குக் கம்ப்ரெசர் வைத்துக் குளிரூட்டுவதில் நடப்பது ஃபிரிட்ஜில் நடப்பதேதான். உள்ளே சுற்றும் குளிரூட்டும் கேஸைக் கம்ப்ரெசர் அழுத்துகிறது. கண்டென்சரில் அது திரவமாகிறது. கேப்பிலரி என்னும் நுண்துளைக் குழாயைத் தாண்டி அழுத்தம் விழுந்ததும் எவாப்பரேட்டரில் கொதித்து, சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த எவாப்பரேட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் வழி பிரிகிறது. செப்புக் கட்டியாகச் சிபியு மேலேயே உட்காரவைத்தால் நேரடி முறை. நீர்த்தொட்டிக்குள் முக்கி, அந்த நீரைப் பம்ப் மூலம் சிபியு மேல் உட்காரும் சாதாரண வாட்டர் பிளாக்குக்கு (உள்ளே நீர் ஓடும் செப்புக் கட்டி) அனுப்பினால் சில்லர் முறை. நான் தேர்ந்தது சில்லர். தினமும் ஓடும் கணினிக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

வெறும் குளிரை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை, நேரடி முறைதான். ப்ரொப்பேன், அதாவது ஆர் 290, சாதாரணக் காற்றழுத்தத்தில் −42 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். ஆர் 404ஏ என்னும் கேஸ் கலவை −46 வரை போகும். நன்றாகக் கட்டிய ஒற்றைக் கட்ட (ஒரே கேஸ் சுற்று உள்ள) அமைப்பு லோடிலும், அதாவது சிபியு முழு வேலை செய்து வெப்பம் கொட்டும்போதும், −30 அருகே நிற்கும். வேப்போசில், ப்ரொமிதியா என்று கடையில் விற்ற பெட்டிகளும் இதே வகைதான். பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) சாதனைக்காக ஒரு மாலை ஓட்டுவதானால் இதையே கட்டுங்கள். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படிவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்: சாக்கெட்டுக்குள் மின்கடத்தாக் கிரீஸ், போர்டின் இரு பக்கமும் மூடிய துளை நியோப்ரீன் ஃபோம், காற்றுப் புக ஓர் இடைவெளிகூட இல்லாத ஒட்டல். சிபியு மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆனால் நேரடி முறையை நான் ஒதுக்கியதற்குக் காரணம் நீர்த்துளி அல்ல, லோடு ஏறி இறங்குவது. கோர் ஐ9 14900கே போன்ற சிப் உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கிறது. சும்மா இருக்கையில் 10, 20 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு நொடிக்குள் நடக்கிறது. கேப்பிலரிக்கோ இதெல்லாம் தெரியாது. அது நீளமும் துளையும் மாறாத ஒரு குழாய். இரு முனைகளின் அழுத்தத்துக்கு ஏற்ற அளவு திரவத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

250 வாட்டுக்குச் சரிசெய்த கேப்பிலரியின் எதிரே சிபியு 20 வாட்டுக்கு இறங்கினால், வந்த திரவத்தில் பெரும்பகுதி கொதிக்காமலே சக்ஷன் குழாய் (எவாப்பரேட்டரிலிருந்து கம்ப்ரெசருக்குப் போகும் குழாய்) வழியாகத் திரும்புகிறது. குழாயில் படியும் பனி கம்ப்ரெசர் வரை நீண்டிருந்தால் இதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். திரும்பி வரும் திரவம் எண்ணெயை நீர்க்கச் செய்து நுரைக்கவைக்கும். பிஸ்டன் வகைக் கம்ப்ரெசரில் வால்வுத் தகட்டையே உடைக்கும். சக்ஷனில் அக்யூமுலேட்டர் (திரவத்தைப் பிடித்துவைக்கும் சிறு தொட்டி) வைத்தால் சேதம் தள்ளிப்போகும், அடிப்படைக் குறை தீராது. மாறாக 120 வாட்டுக்குச் சரிசெய்தால், முழு லோடில் திரவம் எவாப்பரேட்டரின் நுழைவாயிலிலேயே தீர்ந்துவிடும். செப்பு சூடேறத் தொடங்கும்.

எவ்வளவு வேகமாகச் சூடேறும்? எவாப்பரேட்டர் 0.7 கிலோ செப்பு என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 270 ஜூல் போதும். தேவைக்கு மேல் 130 வாட் வந்தால் இரண்டு நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். 20 லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்றவோ ஏறத்தாழ 84,000 ஜூல் வேண்டும். கம்ப்ரெசர் முழுவதும் நின்றுபோய், சிபியு 250 வாட் கொட்டிக்கொண்டிருந்தாலும், தொட்டி ஒரு டிகிரி ஏற ஐந்தரை நிமிடம் ஆகும். சில்லரில் கம்ப்ரெசர் தொட்டியின் சராசரி லோடை மட்டுமே பார்க்கிறது. சிபியுவின் துள்ளல் அதுவரை போய்ச் சேருவதே இல்லை.

இதோடு இன்னொரு லாபமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ப்ரொப்பேன் −40 டிகிரியில் கொதிக்கையில் சக்ஷன் அழுத்தம் சுமார் 1.1 பார், +5 டிகிரியில் 5.5 பார். அதே கம்ப்ரெசர் ஒவ்வொரு சுற்றிலும் நான்கைந்து மடங்கு கேஸை அள்ளுகிறது. அதனால் நேரடி முறையில் 200 வாட்டுக்கே திணறுகிற அளவுள்ள கம்ப்ரெசர், சில்லரில் தாராளமாக ஓடும். ஆனால் ஃப்ரீசருக்கென்று செய்த கம்ப்ரெசரை இந்த உயர்ந்த சக்ஷன் அழுத்தத்தில் ஓட்டாதீர்கள், மோட்டார் ஓவர்லோடாகும். ஏசிக்கோ டிஹியூமிடிஃபயருக்கோ (காற்றின் ஈரம் நீக்கும் கருவி) உரிய வகையை எடுங்கள்.

கட்டுவதற்கு எளிய வழி சிறிய விண்டோ ஏசி. கேஸ் சுற்றைத் திறக்காமலே எவாப்பரேட்டர் காயிலை மெல்ல வளைத்துத் தொட்டிக்குள் இறக்கலாம். வளைக்கும்போது குழாய் மடங்கினால் கதை முடிந்தது. ஒரே இடத்தில் மடக்காமல், நீண்ட வளைவாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள். காயிலின் அலுமினியத் தகடும் வாட்டர் பிளாக்கின் செப்பும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கும். எனவே வெறும் நீர் கூடாது. அரிப்புத் தடுப்பான் கலந்த கிளைக்கால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) 30 சதவீதம் ஊற்றுங்கள். அது சுமார் −13 டிகிரி வரை உறையாமலும் காக்கும். தொட்டியைச் சுற்றிலும் 3 செ.மீ. தெர்மாகோல். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டம் போதும். 250 வாட்டில் பிளாக்கின் உள்நீருக்கும் வெளிநீருக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம் வரும்.

தெர்மோஸ்டாட்டை எங்கே வைப்பது என்பதுதான் இதில் கலை. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 14. தொட்டியை 16க்குக் கீழே விடாதீர்கள். அறை 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை 24 ஆகிவிடும், தெர்மோஸ்டாட்டையும் 26க்கு ஏற்ற வேண்டும். இந்த எல்லைக்குள் நின்றால் போர்டில் ஒரு துண்டு ஃபோம்கூட வேண்டாம். கம்ப்ரெசர் ஓடத் தொடங்கும் வெப்பநிலைக்கும் நிற்கும் வெப்பநிலைக்கும் இடைவெளி 3 டிகிரி வையுங்கள். 1,500 வாட் குளிர்திறனுள்ள ஏசியும் 250 வாட் லோடும் என்றால், கம்ப்ரெசர் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடி, பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுக்கும். நின்ற கம்ப்ரெசர் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி ஓடாதபடி டிலே டைமர் கட்டாயம்; கேப்பிலரியின் இருபுறமும் அழுத்தம் சமமாகாமல் மோட்டார் கிளம்பத் திணறும்.

சில்லரிலும் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: பம்ப் நின்றுபோவது. காயிலுக்குப் பதில் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (மெல்லிய தகடுகளின் ஒருபுறம் கேஸும் மறுபுறம் நீரும் ஓடும் பெட்டி) வைத்திருந்தால் உள்ளே தேங்கிய நீர் உறைந்து தகடு கிழியும். நீர் கேஸ் சுற்றுக்குள் போனால் கம்ப்ரெசர் அவ்வளவுதான். தொட்டி நீரில் மூழ்கியிருக்கும் காயில் இதைவிடப் பொறுத்துக்கொள்ளும். எதுவானாலும் ஓட்டம் நின்றால் கம்ப்ரெசரை அணைக்கும் ஃப்ளோ ஸ்விட்ச் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நேரடி முறைதான் வேண்டும் என்றால், கேஸ் ஆர் 290 ஆக இருக்கட்டும். ஆர் 134ஏ என்னும் கேஸின் அழுத்தம் −30 டிகிரியிலேயே காற்றழுத்தத்துக்குக் கீழே போய்விடும். சிறு கசிவு இருந்தாலும் காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். சமையல் கேஸை ஏற்றாதீர்கள்; அதில் பியூட்டேனும் வாசனைச் சேர்மமும் இருக்கும். ப்ரொப்பேன் காற்றில் 2.1 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கும். 150 கிராமைத் தாண்டாதீர்கள், பொறி பறக்கும் ரிலே எதையும் அருகில் வைக்காதீர்கள். கேப்பிலரி 0.8 மி.மீ. துளையில் 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து, ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். பிரேசிங் செய்கையில் (குழாய்களைச் சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டுகையில்) உள்ளே நைட்ரஜன் மெல்ல ஓடட்டும், இல்லையேல் செப்பில் படியும் கரிய ஆக்சைடு உதிர்ந்து கேப்பிலரியை அடைக்கும். கசிவுச் சோதனையும் நைட்ரஜனில்தான். ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். கேஸ் ஏற்றுமுன் வாக்குவம் பம்ப் வைத்து உள்காற்றை உறிஞ்சுங்கள்; அழுத்தம் 500 மைக்ரானுக்கு (வாக்குவம் அளக்கும் அலகு) இறங்கியதும் வால்வை மூடிப் பாருங்கள். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம், நிற்காமல் ஏறினால் கசிவு. அந்த ஈரத்தை விட்டுவைத்தால் கேப்பிலரி முனையில் பனிக்கட்டியாகி அடைக்கும்: குளிர் திடீரென்று நின்று, சக்ஷன் கேஜ் வாக்குவத்துக்குப் போய், அணைத்து ஆறவிட்டதும் எல்லாம் சரியானதுபோல் இருக்கும். +5 டிகிரியில் கொதிக்கும் சில்லரில் இந்த அடைப்பு வருவதில்லை.

கேப்பிலரிக்குப் பதிலாக எலக்ட்ரானிக் எக்ஸ்பான்ஷன் வால்வு (திரவத்தின் அளவைத் தேவைக்கேற்ப மாற்றும் மின் வால்வு) வைத்தால் லோடு மாற்றத்தை நேரடி முறையும் ஓரளவு தாங்கும். அதில் என் கை அனுபவம் குறைவு. வால்வு திறந்து மூட நொடிகள் ஆகும், செப்பு சூடேறுவதும் நொடிகளில்தான் என்பதால், முயல்பவர்கள் எவாப்பரேட்டர் செப்பின் எடையைக் கூட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.