ஓஆர்எஸ் பொட்டலம்: ஹைகிரவுண்ட் மருந்துக்கடை முதல் அகதி முகாம் வரை

வெளிநாட்டு நிவாரண முகாமுக்கு நர்ஸாகப் புறப்படுகிறவர்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் ஓஆர்எஸ் (பேதியில் வற்றிய நீரை ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள்) நாலு பொட்டலம் வாங்கி வீட்டிலேயே கரைத்துப் பழகிவிட வேண்டும். காலரா பரவிய இடத்தில் ஊசியைவிட இதுதான் அதிகம் கைக்கு வரும். 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. ஊட்டிவிட்டதில் பெரும்பங்கு கூட வந்த சொந்தபந்தங்கள்தான்.

வாங்கும்போது முன்பக்கத்துப் பழப்படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் படியுங்கள். லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. இது இருந்தால் போதும், கம்பெனி எதுவானாலும் சரி. அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானம் வேறு ஜாதி. சர்க்கரை தூக்கலானால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். அல்வாவுக்கு இனிப்பு அழகு, இதற்கு ஆகாது.

பெரிய பொட்டலத்தின் ஒரே வில்லங்கம் பாத்திரம். 'ஒரு லிட்டர்' என்று அச்சடித்துவிட்டார்கள். வீட்டில் இருப்பதோ சொம்பும் டம்ளரும். பாதித் தூளைக் கண்ணளவாக டம்ளரில் தட்டினால் உப்பு ஏறி, பிள்ளைக்கு வலிப்புவரை போகலாம். தண்ணீர் கூடினால் பலன் குறையும். லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கழுத்துவரை அளந்து, முழுப் பொட்டலத்தையும் கொட்டுவதே வழி. வீட்டுக்கு 200 மில்லி சின்னப் பொட்டலமே தேவலை. முகாமில் பெரியதுதான் சௌகரியம்: 20 லிட்டர் வாளிக்கு 20 பொட்டலம், கணக்கு எளிது. கொதிக்கவைத்து ஆறிய நீரில் கரைக்கலாம். கரைத்த பிறகு கொதிக்கவிடக் கூடாது. கட்டிதட்டிப் பழுப்பேறிய தூளைத் தூக்கிப்போடுங்கள். வாயில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

ஓரளவு நீர் வற்றிய பிள்ளைக்குக் கிலோவுக்கு 75 மில்லி, 4 மணி நேரத்தில். 8 கிலோ என்றால் 600 மில்லி. நம்மூர்ப் பாலாடை (பிள்ளைக்குப் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) இதற்கு அருமையான சாமான். பால்புட்டி வேண்டாம், கழுவிச் சுத்தமாக்குவது கஷ்டம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். விழுங்க முடியாமல் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு இது பற்றாது, டிரிப்தான்.

முகாமில் சறுக்குவது வேறோர் இடத்தில். எலும்பும் தோலுமான பிள்ளைக்கு வழக்கமான ஓஆர்எஸ்ஸில் சோடியம் அதிகம். இதயம் தாங்காமல் போகலாம். அவர்களுக்கு ரெசோமால் என்ற தனிப் பொட்டலம் உண்டு: லிட்டருக்கு 42 கிராம், முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொருமுறை கிலோவுக்கு 5 மில்லி. காலரா என்றால் மட்டும் அவர்களுக்கும் வழக்கமான ஓஆர்எஸ்தான். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்காதீர்கள்.