60 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் அனிமோன்: ஒரு மதிப்பீடு

வடிகட்டி, மோட்டார், விளக்கு மூன்றும் உள்ளேயே அமைந்த சிறு கடல்நீர்த் தொட்டிகள் இப்போது சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றுள் 60 லிட்டர் கொள்ளளவுள்ள ஒன்றை வீட்டில் வைத்து, அதில் பபிள் டிப் வகை அனிமோன் (கடல் சாமந்தி எனப்படும், பாறையில் ஒட்டி வாழும் மென்னுடல் விலங்கு) ஒன்றையும், அதன் கரங்களுக்கிடையே தஞ்சம் புகும் கோமாளி மீன்கள் ஒரு ஜோடியையும் வளர்த்துவருகிறேன். தொட்டி வந்த பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதும் இதே காட்சிதான். ஆகவே, அந்தப் படம் தரும் உறுதியை இந்தத் தொட்டி காப்பாற்றுகிறதா என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். மீன்களுக்கு இது தாராளமாகப் போதும். அனிமோனுக்கு, வாங்கிவந்த நிலையில் போதாது.

தொட்டியின் வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி தெளிவாக இருக்கிறது, ஒட்டுகள் சீராக இருக்கின்றன, மோட்டாரின் சத்தம் படுக்கையறையிலும் தொந்தரவு தராத அளவுக்கு அடங்கியே இருக்கிறது. பின்பக்கம் மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: நீர் மேல்விளிம்பில் உள்ள சீப்பு போன்ற பிளவுகள் வழியாக முதல் அறைக்குள் வழிந்து, பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் கடந்து, கடைசி அறையில் உள்ள மோட்டாரால் மீண்டும் முன்பக்கம் வருகிறது. ஆனால் இந்த அறைகள் எடுத்துக்கொள்ளும் இடம் போக, பாறை அடுக்குவதற்கு முன்பின்னாக 25 செ.மீ. அளவே எஞ்சுகிறது. நன்றாக வளர்ந்த பபிள் டிப் அனிமோன் 30 செ.மீ. வரை விரியக்கூடியது என்பதால், இந்தத் தொட்டி இளம் அனிமோனுக்கு மட்டுமே உரியது என்பதையும், அது வளர்ந்தோ இரண்டாகப் பிளந்தோ பெருகும்போது வேறு இடம் தேட வேண்டியிருக்கும் என்பதையும் வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

பயன்படுத்துவோர் கவனிக்கத் தவறக்கூடியதும், என் பார்வையில் இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய சிக்கலும், நீர் ஆவியாவதுதான். நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. பாறையும் மணலும் போக இந்தத் தொட்டியில் உண்மையாக நிற்கும் நீர் 50 லிட்டர். நீரைக் குளிர்விக்க மின்விசிறி வைத்தால் சென்னைக் கோடையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் குறைவது வியப்பில்லை. மூன்று நாள் கவனிக்காமல் விட்டால், லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 37 கிராமைத் தாண்டிவிடும். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும்; உடலின் பெரும்பகுதி நீராகவே உள்ள, தன் உடல்நீரின் உப்பைச் சுற்றியுள்ள நீரிலிருந்து வேறுபடுத்தி வைத்துக்கொள்ள இயலாத அனிமோன் சுருங்கிப்போகும். இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. முன்பக்க நீர்மட்டத்தைப் பிளவுகளின் உயரமே தீர்மானிப்பதால் அது எப்போதும் நிறைந்தே தெரியும். குறைவது பின்னால் மோட்டார் உள்ள கடைசி அறையில் மட்டும்தான். அந்த அறையோ கறுப்புத் தகடால் மறைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு அளவுகோட்டையாவது தயாரிப்பாளர் இட்டிருக்க வேண்டும். கடைசி அறையில் மிதவை உணரி பொருத்தி, ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ நீரைத் தானாக நிரப்பும் கருவி ஒன்றைத் தனியே வாங்கினேன். அதன் பிறகே, உப்பின் அளவை நீரின் ஒப்படர்த்தியாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளவு 1.025இல் நிலைத்து நின்றது. அனிமோன் வளர்க்க எண்ணுபவருக்கு இந்தக் கருவி விருப்பப் பொருளல்ல.

விளக்கும் மூடியும் ஒரே துண்டாக இருப்பது அடுத்த குறை. அனிமோனின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவே அதற்கு முதன்மையான ஆதாரம். ஒளி போதாவிட்டால் அந்தப் பாசிகளை இழந்து, உடல் வெளுத்து, மெல்ல மெல்லப் பட்டினியால் அழியும். உடன் வரும் விளக்கின் கீழ் என் அனிமோன் கண்ணாடியின் மேற்பகுதிக்கு ஏறி, விளக்கை நோக்கி நீண்டுகொண்டே இருந்தது. பவளத் தொட்டிகளுக்கென்று விற்கப்படும் எல்இடி விளக்கு ஒன்றை மாற்றியதும் பாறை இடுக்கில் காலை ஊன்றி அமர்ந்துவிட்டது. மூடியை அகற்றியதால் வெப்பமும் இறங்கியது. மூடிய தொட்டியில் எளிதாக 30 பாகையைக் கடந்துவிடும் நீரை 26 பாகையில் நிறுத்துவதே நோக்கம். விசிறி ஓரளவே உதவும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை நகரங்களில் ஆவியாதலால் கிடைக்கும் குளிர்ச்சி குறைவு, ஆகவே கோடையில் குளிரூட்டப்பட்ட அறையோ, தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியோ இல்லாமல் இதை மேற்கொள்ள வேண்டாம் என்பேன். இவற்றையெல்லாம் சேர்த்தால் துணைக்கருவிகளின் செலவு தொட்டியின் விலையையே மிஞ்சிவிடுகிறது.

நீரோட்டத்துக்காக வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரைத் தள்ளும் விசிறி மோட்டார்) சேர்ப்பவர்கள் அதற்குப் பஞ்சு உறை மாட்டாமல் இயக்கவே கூடாது. இடம் பிடிக்காத அனிமோன் இரவில் ஊர்ந்து திரியும். வேவ்மேக்கரின் விசிறிக்குள் இழுபட்டுச் சிதைந்தால், அழுகலிலிருந்து வரும் அமோனியா 50 லிட்டர் நீரில் மற்ற உயிர்களையும் விட்டுவைக்காது. தொட்டியோடு வந்த மோட்டாருக்கு முன் உள்ள பிளவுகள் போதிய அளவு குறுகலாக இருப்பதால் அந்த வழியில் எனக்கு அச்சமில்லை.

அனிமோனைத் தேர்வதிலும் தொட்டியின் அளவே முடிவு செய்கிறது. கடைகளில் விரிப்பு போலப் பரந்து கிடக்கும் கார்ப்பெட் அனிமோன் அரை மீட்டருக்கும் மேல் வளரும், மணலைக் கேட்கும், சிறு மீன்களைப் பிடித்து உண்ணவும் செய்யும். அதன் இடம் கடல்தான். பளீரென்ற மஞ்சளிலோ இளஞ்சிவப்பிலோ இருப்பவை பெரும்பாலும் சாயமேற்றப்பட்டவை. வாய் இறுக மூடியிருக்கிறதா, கால் கிழியாமல் இருக்கிறதா, கரங்கள் தொட்டால் ஒட்டுகின்றனவா என்று பார்த்து, தொட்டியிலேயே பிளந்து பெருகிய பபிள் டிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. ஒசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன் இயற்கையில் இந்த அனிமோனோடு வாழ்வதில்லை. தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது, சில வேளை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெட்டியின் படத்தை நம்பி வாங்குபவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

உடன் வரும் கையேடு ஒரு மாதத்தில் அனிமோனை விடலாம் என்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வந்த பின்னும், பாறைகளில் உயிர்ச்சூழல் படிந்து அளவீடுகள் அசையாமல் நிற்க ஆறு மாதமாவது ஆகும். இதற்காகச் சிறிய தொட்டியே தவறு என்றும் நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் இயற்கையியலாளர் சர் ஜான் டேலியெல் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்த அனிமோன் ஒன்று, அவர் இறந்த பின்னும் கைமாறிக் கைமாறி, ஒரு கண்ணாடிச் சாடியில் 1887 வரை வாழ்ந்தது. அது குளிர்கடலின் இனம், நம் அனிமோனைப் போல ஒளியை நம்பியது அல்ல. ஆனாலும் சாடியின் நீரை விடாமல் மாற்றிய கைகள்தான் அதை வாழவைத்தன. இந்தத் தொட்டியின் உண்மையான நன்மையும் அங்கேதான் இருக்கிறது: வாரம் 6 லிட்டர் ஆர்ஓ நீரில் ஏறத்தாழ 210 கிராம் உப்புக் கலவையைக் கரைத்து மாற்றுவது யாருக்கும் முடியும்.

கோமாளி மீன்கள் மட்டும் போதுமென்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம். அனிமோனும் வேண்டுமென்பவர், மூடியும் விளக்கும் இல்லாமல் தொட்டியை மட்டும் தருவார்களா என்று கடையில் கேட்டுப் பார்த்து, மிச்சப்படும் பணத்தை நீர் நிரப்பும் கருவிக்கும் நல்ல விளக்குக்கும், மின்வெட்டின்போது இயங்கும் ஒரு பேட்டரி காற்று பம்புக்கும் ஒதுக்கலாம்.